ஒன்றரை மணி நேர இருட்டு

ஒரு நட்சத்திரத்தின் விலை முந்நூறு. சுமாரான ஒரு சுவர் விளக்கும் அதே விலைதான். ஆனால் சுவர் விளக்கென்றால் முந்நூற்றைம்பது சொல்லி, மூக்கால் அழுது, இருநூற்றெழுபதுக்கு இறங்கி, கடைசியில் ஒரு பல்பையும் இனாமாகக் கொடுத்து வாடிக்கையாளரைச் சிரித்த முகத்தோடு அனுப்பலாம். நட்சத்திரத்தில் அந்தச் சுகமெல்லாம் கிடையாது. மலைமேல் இருந்த வானாய்வு மையத்தின் கூடத்தில், மேசைமேல் நிறுத்தியிருந்த அட்டையிலேயே எழுதியிருந்தது: "நட்சத்திரம் தத்து எடுக்க முந்நூறு. பேரம் இல்லை."

அந்தக் கடைசி இரண்டு சொற்களைப் படித்ததும் அவனுக்குக் கை அரிக்கத் தொடங்கிவிட்டது.

மலையடிவாரத்தில் விளக்குக் கடைகளாகவே ஒரு தெரு உண்டு. அதில் பெரிய கடையின் ஒரே வாரிசு அவன். அப்பாவைப் பெரியவர் என்றும் அவனைச் சின்னவர் என்றும் தெரு சொல்லும். தொட்டிலில் கிடந்தபோதே விலை பேசும் சத்தத்தில் தூங்கிப் பழகியவன். அன்றைக்கு மலையுச்சி விடுதியில் ஒரு சரவிளக்கை மாட்டிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி நுழைந்த கட்டடம் அது. நட்சத்திரம் வாங்க வந்தவனே இல்லை.

ஆனாலும்… பேரம் இல்லை என்றால் எப்படி?

"ரெண்டு எடுத்தா எவ்வளவுக்குத் தருவீங்க?"

மேசைக்குப் பின்னால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அறுநூறு."

"மூணு எடுத்தா?"

"உங்களுக்குக் கணக்கு வருமா, இல்ல நான் போட்டுத் தரட்டுமா?"

சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அவன் கடையில் மஞ்சள், வெள்ளை, பகலொளி, நிலவொளி என்று வெளிச்சத்துக்குத் தனித்தனி அலமாரி உண்டு. அந்தக் கண்களை எந்த அலமாரியில் வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. வெளியே கொட்டிக்கொண்டிருந்த மழையைப் போலவே கறுத்து, ஈரமாய், எங்கோ தூரத்தில் ஒரு மின்னலை ஒளித்து வைத்துக்கொண்டு…

அவன் பார்வையை அட்டைக்குத் திருப்பி, முந்நூறுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டான். அவள் சொன்ன பதில் அவனை மேலும் திகைக்க வைத்தது. ஒரு சான்றிதழ் கிடைக்கும், அவ்வளவுதான். அந்தப் பெயர் அடையாளத்துக்கு மட்டும். வானியல்காரர்கள் யாரும் நட்சத்திரத்தை அப்படிக் கூப்பிடமாட்டார்கள். பெரும்பாலானவை வெறும் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. கொடுக்கிற பணம் தொலைநோக்கியின் கேமராவைப் பராமரிக்கவும், அந்தந்த நட்சத்திரத்தை ஆராயவும் போகும்.

சரக்கின் குறையை முதலில் சொல்லுகிற வியாபாரியை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"இப்படி வித்தா எப்படிங்க விக்கும்?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டான்.

"விக்கலதான்" என்றாள் அவளும் உண்மையாகவே. "நான் ஆராய்ச்சி பண்ண வந்தவ. கல்லாவுல உக்கார ஆள் இல்லாததால முறை வெச்சு உக்காருறோம்."

கடைசி முயற்சியாக, ஒன்று வாங்கினால் சின்னதாக ஒன்று இனாம் தரக்கூடாதா என்று கேட்டுப்பார்த்தான்.

"இனாமா வேணும்னா மழை விட்டதும் வெளிய போய் அண்ணாந்து பாருங்க. எல்லாமே இனாம்தான்."

வாழ்க்கையில் முதன்முறையாகச் சொன்ன விலையைக் கொடுத்தான். அத்தான் கல்யாணமான புதிதில் அக்காவுக்கு நட்சத்திரம் பறித்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் பத்து வருடமாகக் குத்துப்பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் சார்பில் அக்கா பெயருக்கு ஒன்று. மழை விட்டது. அவன்தான் கிளம்பவில்லை. அண்ணாந்து பார்க்கவும் இல்லை. பார்க்க வேண்டியது உள்ளேயே இருந்தது.

மனசுக்குள் அவளுக்குக் கறார்க்காரி என்று பெயர் வைத்துவிட்டான். அதற்கு முந்நூறு கேட்க ஆள் இல்லை.

அடுத்த வாரம் அம்மா பெயருக்கு ஒரு நட்சத்திரம் எடுக்கப் போனான். அதற்கடுத்து சித்தப்பாவுக்கு. பிறகு ஒரு மச்சானுக்கு. அந்த மச்சானோடு அவனுக்கு மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தையே இல்லை. அவள் முறை எந்தெந்த நாள் என்பது அவனுக்கு மனப்பாடம். தப்பான நாளில் போய் மையத்தின் இயக்குநரிடம் மாட்டிக்கொண்டு, இல்லாத கொழுந்தியாளுக்கு ஒரு நட்சத்திரம் எடுத்துவிட்டு வந்ததும் உண்டு.

"உங்க குடும்பத்துல இன்னும் எத்தனை பேர் பாக்கி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இனிமே யாராவது பிறந்தாத்தான்."

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு நழுவிய நேரம் பார்த்து, உங்கள் நட்சத்திரம் எது என்று கேட்டான். அதுவரை கூட்டிக் கழித்துப் பேசிக்கொண்டிருந்தவள் அன்றைக்குத்தான் மேசையைவிட்டு எழுந்து, சுவரில் இருந்த படத்தின் மேற்கு மூலையில் ஒரு புள்ளியைக் காட்டினாள். பெயர் கிடையாது, எண்தான். அதை ஒரு கோள் சுற்றுகிறது என்று அவளுக்குச் சந்தேகம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அது குறுக்கே வரும்போது நட்சத்திரத்தின் ஒளி ஒன்றரை மணி நேரம் கொஞ்சமே கொஞ்சம் இறங்கும். இரண்டு இறக்கத்தை அளந்துவிட்டாள். மூன்றாவதையும் அளந்துவிட்டால் சந்தேகம் தீரும், அவளுடைய பணியும் நீளும். இல்லாவிட்டால் இந்தப் பருவத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"நூறு பல்பு எரியிற போர்டுல ஒரு பல்பு அணைஞ்சா எவ்வளவு குறையும்… அவ்வளவு."

"அடடே, அதை நான் தெருமுனையில நின்னே சொல்லிடுவேனே. எங்க போர்டுல ஒண்ணு போனா எனக்கு வயித்துல என்னவோ பண்ணும்."

அவள் அவனைப் பார்த்தாள். அதுவரை அவள் பார்த்ததெல்லாம் வாடிக்கையாளரைப் பார்க்கிற பார்வை, இது வேறு. இத்தனை வருடம் படித்தவர்களுக்கு விளக்கி விளக்கி வாய் வலித்த ஒன்றை, பல்பு விற்கிறவன் வயிற்றில் வாங்கிக்கொண்டான் என்ற ஆச்சரியம் அதில் இருந்தது. மூன்றாவது இறக்கம் வருகிற வெள்ளிக்கிழமை மாலை, இருட்டினதும் ஆரம்பம் என்றாள். யாரிடமும் சொல்லாததைச் சொல்வதுபோல் மெதுவாக… அவன் காதுக்கு மட்டும்.

மலை இறங்கும்போது ஸ்கூட்டருக்குச் சக்கரம் இருந்ததா என்று அவனுக்கு நினைவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அவளுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். நட்சத்திரம் விற்கவில்லை என்றாளே… விற்றுக் கொடுத்தால்? விளக்குக்கடையில் பிறந்தவன் ஒருவருக்கு மரியாதை செய்ய நினைத்தால் என்ன செய்வான்? விளக்குப் போடுவான். நிறைய மரியாதை என்றால் நிறைய விளக்கு. கடை மொட்டைமாடியில், விழாக்களுக்கு வாடகைக்கு விடும் தேடுவிளக்கை ஏற்றினான். வானத்தைத் துழாவிக்கொண்டு போய் அதன் கற்றை மலையுச்சியில் நிற்கும்படி திருப்பினான். கீழே பலகை: "அன்பானவருக்கு ஒரு நட்சத்திரம் தத்து எடுங்கள். மலைக்கு வாருங்கள்." ஊரே வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பியது. முகப்பு விளக்குகள் வரிசையாக மலை ஏறுவதை மாடியில் நின்று பார்த்து அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை, பாராட்டு வாங்கிக்கொள்ளத் தலையை நன்றாகச் சீவிக்கொண்டு போனான்.

அவள் மேசையில்தான் இருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"நேத்து எத்தனை நட்சத்திரம் போச்சு?" என்று கேட்டான், குரலில் அடக்கத்தை வரவழைத்துக்கொண்டு.

"நாப்பத்தொண்ணு."

"பரவாயில்லையே…"

"நாப்பத்திரெண்டாவதும் போச்சு. அது என்னோடது."

அப்புறம் அவள் சொன்னது ஒவ்வொன்றும் அவனுக்குள் ஒரு விளக்கை அணைத்தது. தேடுவிளக்கு வானத்தையே வெளுத்துவிட்டது. படமெல்லாம் பால் ஊற்றினாற்போல் வெள்ளை. மிச்சம் இருந்ததை வண்டி விளக்குகள் பார்த்துக்கொண்டன. வெளிச்சம் எதையாவது கெடுக்கும் என்பது, நாலு தலைமுறையாக வெளிச்சத்தை விற்றுச் சாப்பிடுகிற வீட்டில் யாருக்கும் தோன்றாத சங்கதி.

அவனுக்குத் தெரிந்த வழியில் அவன் கை சட்டைப்பைக்குப் போனது. அந்த மாலைக்கு என்ன விலையோ கொடுத்துவிடுகிறேன், மீதம் இருக்கிற எல்லா நட்சத்திரத்தையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று ஏதேதோ உளறினான்.

அவள் எழுந்து நின்றாள். "எல்லாத்துக்கும் விலை இருக்குன்னு நினைக்கிறீங்க. விலை இல்லாததும் இருக்குன்னு உங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையா?"

"எனக்குத் தெரிஞ்ச மன்னிப்பு இதுதாங்க" என்றான். "எங்க வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆனா, உடனே பையில கை விடுவோம். வேற மாதிரி மன்னிப்பு கேக்க எனக்குப் பழக்கமில்ல. உங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க."

வெளியே தூறல். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு, திட்டுகிற மாதிரியே சொன்னாள்: "இருட்டு வேணும். இன்னும் மூணு வாரத்துல கடைசியா ஒரு இறக்கம் இருக்கு. அதுக்கப்புறம் அது சூரியனுக்குப் பின்னால போயிடும், நானும் ஊரைவிட்டுப் போயிடுவேன். அன்னிக்கு அது மேற்கே தாழ்வா நிக்கும். சரியா உங்க தெருவுக்கு மேல. அங்க ஒன்றரை மணி நேரம் இருட்டா இருக்கணும். முடியுமா? எந்தக் கடையில கிடைக்கும் அது?"

முடியாது என்று தெரிந்துதான் கேட்டாள் என்பது அவனுக்கும் தெரிந்தது. "ஆர்டர் எடுத்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். முன்பணம் கேட்கவில்லை. அவன் குடும்பத்தில் அப்படி எடுக்கப்பட்ட முதல் ஆர்டர் அது.

தெருவில் ஒருவரும் மசியவில்லை. மாலை நேர வியாபாரத்தில் விளக்கை அணைப்பதா? எதிர்க்கடைக்காரர் ஒரே போடாகப் போட்டார்: பெரியவர் தன் பெயர்ப்பலகையை அணைக்கட்டும், அப்புறம் பேசலாம். ஆயிரம் பல்பு வைத்த அந்தப் பலகை கடை திறந்த நாளிலிருந்து ஒரு மாலைகூட அணைந்ததில்லை. அடுத்த ஊர் எல்லைவரை தெரியும். அப்பாவுக்கு அது பலகை இல்லை, மீசை.

"விளக்கு விக்கிறவன் இருட்டை விக்கலாமாடா?" என்று கேட்டார் அப்பா. யாருக்காக என்பதையும் கேட்டார். அவன் சொன்னான். நட்சத்திரம் விற்கிற பெண்ணா, விலை குறைக்காதவளா என்று விசாரித்துவிட்டு, குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார்.

அதன்பின் அப்பாவும் பிள்ளையும் ஒரே கல்லாவில் உட்கார்ந்துகொண்டு கணக்குப்பிள்ளை வழியாகப் பேசிக்கொண்டார்கள். "பெரியவர்கிட்ட சாப்பிட வரச் சொல்லுங்க." "பெரியவருக்குப் பசிக்கலைன்னு சின்னவர்கிட்ட சொல்லுங்க." மலைக்குப் போகவும் அவனுக்குத் தைரியமில்லை. வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? அவளுக்கும் அவன் வரவில்லையே என்று இருந்திருக்குமோ… இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இருக்கும் என்றே நம்பினான்.

நாள் நெருங்கியபோது ஒரு அம்மாள் கடைக்கு வந்தார். படுக்கைக்குப் பக்கத்தில் வைக்க மிதமான விளக்கு வேண்டும். அவன் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். கடை முழுக்க ஐந்நூறு விளக்கு எரிகிறபோது எது மிதம், எது பிரகாசம் என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனார். அவன் அவர் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றான். நட்சத்திரத்துக்கு வந்த அதே வியாதி.

அன்று கடை அடைக்கிற நேரம், அப்பா கல்லாவில் இருக்கும்போதே, உள் விளக்குகளின் மெயின் சுவிட்சை இறக்கினான். கும்மிருட்டு. கரண்ட் போனதா என்று அப்பா சத்தம் போடுவதற்குள், மூலையில் கிடந்த ஒரு சின்ன மேசை விளக்கை மட்டும் போட்டான்.

தேன் நிறத்தில் ஒரு வட்டம் தரையில் விழுந்தது. அதன் விளிம்பு மெல்லக் கரைந்து, அலமாரியில் ஏறி, அப்பாவின் கன்னத்தில் வந்து நின்றது.

அப்பா குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு, கணக்குப்பிள்ளை இல்லாமல், நேராகவே கேட்டார். "இந்த விளக்கு… நம்ம கடையில இருக்கா?"

"எட்டு வருஷமா இருக்கு. ஒருத்தர் கண்ணுலயும் படல."

"எட்டு வருஷமா." அப்பா எழுந்து வந்து அதன் தலையைத் தொட்டுப் பார்த்தார். தொழிலில் முடி நரைத்த மனிதர்; பிள்ளை சொல்ல வந்தது இனிமேல் விளக்க வேண்டாத அளவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வியாபாரி. "எவ்வளவு நேரம் கேக்குறா?"

"ரெண்டு மணி நேரம்" என்றான் அவன், பரம்பரைப் பழக்கத்தில்.

"ஒரு மணி."

"ஒண்ணே முக்கால்."

"ஒன்றரை. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

அப்பாவிடம் அவன் ஜெயித்த முதல் பேரம். ஜெயித்ததைக் காட்டிக்கொள்ளாமல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அதுவும் அப்பாவிடம் கற்றதுதான்.

தெருவை அப்பா பார்த்துக்கொண்ட விதம் தனி. யாரிடமும் உதவி கேட்கவில்லை. நம் கடையில் மட்டும் புதுமையாக இருட்டில் விற்பனை, ஒவ்வொரு விளக்கையும் அதனதன் சொந்த வெளிச்சத்தில் பார்த்து வாங்கலாம் என்று ஊர் முழுக்கச் சொல்ல வைத்தார். அவ்வளவுதான். பெரியவர் மட்டும் லாபம் பார்ப்பதா என்று தெருவே கொதித்தது. அந்த நாள் வந்தபோது எதிர்க்கடைக்காரர் போட்டிக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே அணைத்துவிட்டார். நகராட்சியின் தெருவிளக்குகளை அணைக்கவும் அப்பாவே போய் அனுமதி வாங்கி வந்திருந்தார்.

அப்பாவின் பலகை கடைசியாக அணைந்தது. மெயின் அவன் கையில். வரிசை வரிசையாக ஆயிரம் பல்பும் கண் மூடியபோது, தெருவில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். கடைகளுக்குள்ளே ஒவ்வொரு சின்ன விளக்கு, தலை கவிழ்ந்து. மேலே மேற்கு வானம், அந்தத் தெரு பிறந்ததிலிருந்து முதன்முறையாக, கருப்பாக.

அவன் கடை வாசலைவிட்டு நகரவில்லை. உள்ளே ஜனம் விளக்கு வாங்கித் தள்ளிக்கொண்டிருந்தது. அவனுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மலையுச்சியில் கூரை திறந்திருக்கும். அவள் கேமராவுக்குப் பக்கத்தில் நகம் கடித்துக்கொண்டிருப்பாள். வடக்கே மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம் பொறு என்று மேகத்திடமும் பேரம் பேசினான்.

ஒன்றரை மணி நேரம் கழிந்து, சற்று நேரத்தில் மழை கொட்டியது. தெரு காலியானது. அவன் மெயினைப் போடப் போனவன், பாதியில் நின்றான். தெருமுனையில் வந்து நின்ற ஜீப்பிலிருந்து இறங்கி ஒரு உருவம் குடை இல்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தது. கடையின் முன்பக்கத் தகரக் கூரைக்கு அடியில் வந்து நின்று, மூச்சு வாங்கியது. அந்த ஒற்றை மேசை விளக்கின் வெளிச்சம் அவள் முகத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை மழைக்கு விட்டுவைத்தது. இமையில் ஒரு சொட்டு விழாமல் தொங்கியது.

"இறங்கிச்சா?" என்று கேட்டான்.

"இறங்கிச்சு." அவள் சிரிக்கவும் அழவும் ஒரே நேரத்தில் முயன்றாள். "உங்க போர்டுல ஒரு பல்பு அணைஞ்ச மாதிரி… அவ்வளவு அழகா. உங்க தெருவுக்கு மேல அவ்வளவு இருட்டு வரும்னு நான் நினைக்கவே இல்ல."

கல்லாவிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். அவள் தலையைத் துடைத்துக்கொண்டே அவருக்கு வணக்கம் சார் என்றாள். அப்பா தலையை ஆட்டிவிட்டு, பார்க்காததுபோல் நோட்டுகளை இரண்டாம் முறை எண்ணத் தொடங்கினார். அவர் எண்ணிக்கை எப்போதும் முதல் முறையிலேயே சரியாக இருக்கும்.

மழை அவர்களுக்கும் உலகத்துக்கும் நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. அவன் எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றான் கடைசியில். "முதல்ல குறையைச் சொல்லிடறேன். எதுக்கெடுத்தாலும் விலை கேப்பேன். வானத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நல்லது பண்றேன்னு கெடுத்து வைப்பேன்."

"விக்கத் தெரியலையே உங்களுக்கு" என்றாள் அவள். பிறகு குனிந்துகொண்டாள். "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டுப் போகலாம்னுதான் கிளம்பினேன். மலையிலருந்து இறங்குற வழியிலயே யோசிச்சு முடிச்சுட்டேன்."

"என்ன முடிவு?"

"நீங்க மேல வராத நாள்ல எல்லாம் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு நட்சத்திரமும் விக்கல. இதுக்கு மேல எப்படிச் சொல்றது… எனக்கும்தான்."

அப்புறம் அவர்கள் பேசியதைப் பெரும்பாலும் மழை கேட்டுக்கொண்டது. பாதி பேச்சு, பாதி மௌனம், நடுவே அவளுடைய ஈர விரல் அவன் விரலில் தற்செயலாகப் பட்டு, எடுக்க மறந்துபோனது. மெயின் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது. எதிர்க்கடைக்காரர் பெரியவருடைய பலகை எரியட்டும் என்று காத்திருந்தார். தெருவே அவரைப் பார்த்துக் காத்திருந்தது.

அப்பா கணக்கு நோட்டோடு வாசலுக்கு வந்தபோது மழை நின்று சற்று நேரமாகியிருந்தது. அவர் மகனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"பேசினது ஒன்றரை மணி நேரம். கொடுத்தது ரெண்டரை. ஒரு மணி நேர இருட்டு கூடுதலாப் போயிருக்கு. என் கடையில எதுவும் இனாம் கிடையாதும்மா. அதை யார் பேர்ல எழுதறது?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் நிமிர்ந்து சொன்னாள். "என் பேர்லயே எழுதுங்க மாமா."

அப்பாவின் பேனா ஒரு நொடி நின்றது. மீசைக்குள் ஏதோ அசைந்தது. புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டி, தலைப்பில் அவள் பெயரைக் கேட்டு எழுதி, கோடு போட்டு, அடியில் நிதானமாகப் பதிந்தார்.

பற்று: இருட்டு, ஒரு மணி நேரம்.

வரவு: இன்னும் இல்லை.